அயலும் உளமும்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பேரிடர் ஒன்றின் பின் மனம் தேறுவதற்கு அயல் எவ்வளவு துணையாகின்றது என்பதையே நாம் இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

யப்பானிலே 1995 தை 17ஆந் திகதி கோபே நகரைப் பூகம்பம் தாக்கியது. 6,400 பேருக்கு மேல் மாண்டனர். வீடிழந்தோர்க்குத் தற்காலிக வீடுகள் எழுந்தன. முதியோர்க்கும் அங்கவீனர்க்கும் முதலிடம் அளித்து, திருவுளச்சீட்டு மூலம் அவற்றைப் பங்கிட்டனர். நோக்கம் நல்லதே. ஆனால், நெடுங்காலம் ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் திக்குக்கொருவராயினர். பக்கத்து வீட்டார் யாரென்று தெரியாத அவ்விடங்களிலே, தனியே இறந்து, நாட்கள் கழிந்தபின் காணப்பட்ட முதியோர் பலர்.

அதே நாட்டிலே, 2011 பங்குனி 11இல் கடல் பொங்கி இவனுமா நகரின் நிலத்தில் ஏறக்குறையப் பாதியை மூடிற்று. அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்னரே அந்நகர முதியோரின் உடல்நலத்தையும் அயலுறவையும் ஆராய்ச்சியாளர் விசாரித்து வைத்திருந்தனர். இடர் வருமுன் எடுத்த கணக்குக் கையில் இருப்பது மிக அரிது. 2013இல் மீண்டும் விசாரித்தபோது, அயலவர் ஒருவரையொருவர் நம்பி வாழ்ந்த பகுதிகளில் மனவடுவின் குறிகள் குறைவாகக் காணப்பட்டன. தனித்தனியே குடிபெயர்ந்தோரிலும் பார்க்க, அயலோடு சேர்ந்து பெயர்ந்தோரிடையே போக்குவரவும் கூடிப் பழகுதலும் மேம்பட்டிருந்தன.

இது நமக்குப் புதுமையன்று. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயல்வீட்டுச் சோறே வரும். சோறு கொண்டுவருபவர் சும்மா திரும்புவாரா? இரண்டு கவளமாவது உண்ணச் செய்து, அழுகிறவரோடு சற்றிருந்துவிட்டே போவார்.

நம் நாட்டிலும் 2004 மார்கழி 26இன் கடற்கோளின் பின், கரையோரக் குடிகள் பலர் உள்ளே பெயர்க்கப்பட்டனர். 2009 வரை நீடித்த போர் ஊர்களையே மீண்டும் மீண்டும் பெயர்த்தது. இதைத் தனியாள் நோயாக மட்டும் பாராது கூட்டு மனவடுவாகவும் காணவேண்டும் என்று யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியுள்ளார்.

ஆயினும், அயல் என்றால் எல்லாம் நன்மையே என்று சொல்ல நாம் ஆயத்தமில்லை. பெரியோர் பொறுத்தருள்க. போரிற் கணவனை இழந்தவளை நற்காரியத்துக்கு எதிரே வராதே என்பதும் அயல்தான். காணாமற்போனவனின் மனைவி பொட்டு வைத்தாலும் பேச்சு, வையாவிட்டாலும் பேச்சு. பகலெல்லாம் இவ்வாறு பேசும் ஒழுங்கையிலே இரவில் அவளுக்கு உறக்கம் எங்ஙனம் வரும்? உளமருத்துவர் கொடுக்கும் குளிகை அந்தப் பேச்சை நிறுத்துமா?

வரும் வருடப்பிறப்பன்று இம்மன்ற இளைஞர்கள் கைவிசேடம் வாங்க அத்தாய்மாரின் வீடுகளுக்கும் செல்லலாமா என்று, இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களையே கேட்கின்றோம்.