கல்லாவில் இருப்பதெல்லாம் லாபமா?

(கேண்டீன், உணவகம் நடத்தும் குழுக்களுக்கான கணக்குப் பயிற்சியில் கூட்டமைப்பின் சார்பில் பேசியது)



சேமிப்பு, உள்கடன், வட்டி, தீர்மான நோட்டு எல்லாம் நம் குழுக்களுக்குக் கைவந்த வேலை. ஆனால் அதே குழு ஒரு கேண்டீனை எடுத்து நடத்தும்போது கணக்கு கொஞ்சம் மாறுகிறது. உள்கடனாகக் கொடுத்த பணம் வட்டியோடு பணமாகவே திரும்பி வரும். சமையலில் அப்படி இல்லை. பணம் அரிசியாகி, பருப்பாகி, சோறாகி, கொஞ்சம் குப்பைக்கும் போய், அப்புறம்தான் கல்லாவுக்கு வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? நான்கு பேர் நடத்தும் கேண்டீன் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள் வேலை. விற்பனை 78,000 ரூபாய். மளிகை, காய்கறி, பால் வாங்கியது 46,000. கேஸ், வாடகை, கரண்ட், ஆட்டோ எல்லாம் சேர்த்து 13,000. அலுவலகக் கூட்டங்களுக்கு டீ, டிபன் கொடுத்ததில் வர வேண்டிய பாக்கி 8,000. ஆக, கல்லாவில் இருப்பது 11,000. "ஆளுக்கு 2,750 எடுத்துக்கலாம்க்கா" என்று பங்கு போட்டு முடித்துவிடுவோம். அந்தப் பாக்கி மூன்று மாதம் கழித்து வரும்போது அது எந்த மாதத்துக் காசு, யார் யாருக்குப் பங்கு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். குழுவில் மனஸ்தாபம் அங்கேதான் முளைக்கிறது.

சரியாகப் பார்க்க வேண்டுமானால் முதலில் சரக்கை எண்ண வேண்டும். 1ஆம் தேதி காலையில் 6,000 ரூபாய்ச் சரக்கு இருந்தது. வாங்கியது 46,000. கடைசி நாள் இரவு மீதி 9,000. முன்னிருப்போடு வாங்கியதைக் கூட்டி, மீதியைக் கழித்தால் 43,000. இதுதான் உண்மையில் அடுப்புக்குப் போனது. 100 ரூபாய்க்கு விற்றால் 55 ரூபாய் பொருளுக்கே போகிறது! பெரிய ஓட்டல்களில் இதை 30, 35 ரூபாய்க்குள் வைக்கப் பார்ப்பார்கள். நாம் விலை குறைத்து விற்கிறோம், அவ்வளவு இறங்காதுதான். ஆனாலும் 55 அதிகம்.

இப்போது 78,000-இல் 43,000, 13,000 இரண்டையும் கழித்தால் 22,000. நான்கு பேர், 26 நாள், மொத்தம் 104 ஆள்நாள். வகுத்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 211 ரூபாய்! நம் மாநிலத்தில் 2025-26இல் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி 336 ரூபாய். விடியற்காலை எழுந்து அடுப்பில் வெந்ததற்கு அதைவிடக் குறைவு. நம் கூலியைச் செலவில் எழுதாத வரை இது கண்ணில் படாது. கிரைண்டர் தேய்மானமும் அப்படித்தான். 18,000 ரூபாய் கிரைண்டர் 5 வருஷம் உழைத்தால் மாதம் 300 ரூபாய் செலவு என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் அது ரிப்பேராகும் அன்றைக்குத்தான் முழிப்போம்.

"அம்மா உணவகத்தில இட்லி 1 ரூபாய்க்குக் கொடுக்கறாங்களே?" என்று போன கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார். 2013இல் சென்னையில் தொடங்கிய அந்த உணவகங்களை மாநகராட்சி தன் செலவில் நடத்துகிறது. நமக்கு அப்படிக் கைகொடுக்க ஆள் இல்லை. அதைப் பார்த்து நாம் விலை வைக்கக் கூடாது.

அதற்காக உடனே விலையை ஏற்றவும் வேண்டாம். ஒரு கிலோ அரிசி வடித்தால் உங்கள் கரண்டிக்கு எத்தனை பிளேட் வருகிறது? ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். ஒருத்தி பரிமாறினால் 9, இன்னொருத்தி பரிமாறினால் 7 என்று வந்தால், ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். மாலையில் மீந்ததையும் எழுதுங்கள். நாம் நான்கு பேரும் சாப்பிடுவதைக் குறைக்கச் சொல்லவில்லை, சமைக்கிறவள் பட்டினி கிடக்கக் கூடாது. ஆனால் அந்தச் சாப்பாட்டையும் நோட்டில் எழுதணும். வீட்டிலிருந்து கொண்டுவந்த கறிவேப்பிலை, தேங்காய்க்கும் விலை போடணும்.

கேண்டீன் பணத்தையும் குழுச் சேமிப்பையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். போனில் ஸ்கேன் செய்து வரும் பணம் ஒரு உறுப்பினரின் சொந்தக் கணக்குக்குப் போகிறதென்றால் இந்த வாரமே மாற்றி, குழுவின் பெயரில் உள்ள கணக்குக்கு வரச் செய்யுங்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, பேச்சு வரும். காய்கறிக்காரர் பில் தரமாட்டார். வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாக்கிக்குத் தனி நோட்டு: தேதி, எத்தனை டீ, யார் சொன்னது, யார் வாங்கிக்கொண்டது.

இந்த மாதம் கடைசி நாள் இரவு கடையை மூடியதும் தராசை எடுத்துச் சரக்கை எடை போடுங்கள். இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும். அந்த நோட்டை அடுத்த பயிற்சிக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் கேண்டீன் கணக்கையே உட்கார்ந்து போடுவோம்.