ஒடுக்கமான வீட்டில் குளியலறை: தண்ணீர் வெளியேறும் வழியை முதலில் பாருங்கள்

(குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து வீடுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல வீடுகள் ரயில் பெட்டி மாதிரி. அகலம் குறைவு, நீளம் அதிகம், ரெண்டு பக்கமும் பொதுச்சுவர். துறைமுகத்துலயும் தொழிற்சாலையிலயும் வேலை முடிச்சு, உப்பும் தூசியுமா வர்றவங்களுக்குக் குளிக்க ஒரு மறைவு கிடையாது. விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, புடவையை மறைப்பா கட்டிக் குளிக்கிற பெண்கள் இருக்காங்க. கதவு போட்ட குளியலறை எவ்வளவு அவசரம்னு அவங்களைக் கேட்டாத் தெரியும்.

பெரும்பாலானவங்க முதல்ல காலி மூலையைத் தேடறாங்க. மாடிப்படிக்குக் கீழே, அடுப்படி ஓரம், பின்பக்கச் சந்துன்னு ஒரு இடம் பார்த்து, கொத்தனாரைக் கூப்பிட்டுடறாங்க. அதுக்கு முன்னாடி, குளிச்ச தண்ணி எந்த வழியா, எந்தச் சேம்பருக்குப் போகும்னு பாருங்க.

நம்ம பகுதியில் சாலையைத் திரும்பத் திரும்பப் போட்டதால் பல வீடுகள் தெருவை விடத் தாழ்ந்து கிடக்கு. உங்க குளியலறைத் தரை வெளியே இருக்கற சேம்பரோட மூடியை விடக் கீழே இருந்தா, மழைக்காலத்துல கழிவுநீர் உங்க வீட்டுக்குள்ளதான் பொங்கும். ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூப்பில் தண்ணி பிடிச்சு, ரெண்டு இடத்துக்கும் மட்டம் பாருங்க. தரை தாழ்வா இருந்தா, குளியலறையை மட்டும் ஒரு படி, ரெண்டு படி உயர்த்திக் கட்டணும். உயர்த்தின பிறகும் நிமிர்ந்து நிற்க ஏழடி உயரம் வேணும். மாடிப்படிக்குக் கீழே பெரும்பாலும் இந்தக் கணக்குலதான் இடிக்கும்.

நின்னு குளிக்க மூணடிக்கு மூணடி போதும். வயசானவங்க இருந்தா ஸ்டூல் போட நாலடி வையுங்க, சுவரில் கைப்பிடி வையுங்க. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்துட்டா, உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ள முடியாது.

தரைச் சரிவு நாலடிக்கு ஒரு அங்குலம் இருக்கட்டும். நானி ட்ராப்பில் எப்பவும் ரெண்டு அங்குலம் தண்ணி நிற்கணும். நாத்தத்தையும் பூச்சியையும் தடுக்கிறது அந்தத் தண்ணிதான். டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடிச்சு, ட்ராப்பை அடைச்சு, ஒரு நாள் முழுக்கத் தண்ணி நிறுத்திப் பாருங்க. பொதுச்சுவர் ஈரமானா பக்கத்து வீட்டோட சண்டைதான்.

அடுத்து ஷவர். தொட்டியில் இருக்கற தண்ணி மட்டம் ஷவருக்கு மேல எவ்வளவு உயரமோ, அவ்வளவுதான் வேகம். ஒரு மீட்டர் உயரம் இருந்தா சதுர சென்டிமீட்டருக்கு 0.1 கிலோ அழுத்தம்தான் கிடைக்கும். பெரிய தட்டு ஷவர் அதுல சொட்டத்தான் செய்யும். அதனால கை ஷவர் நல்லது. சோப்பு போடும்போது நிறுத்தவும் முடியும். நிமிஷத்துக்கு 8 லிட்டர் வர்ற ஷவரை அஞ்சு நிமிஷம் திறந்துவிட்டா 40 லிட்டர், அதாவது ரெண்டு பக்கெட்டுக்கு மேல போயிடும். கடலோரத்து போர் தண்ணியில் உப்பு அதிகம். துளை அடைச்சுக்கிட்டா, தலைப்பகுதியைக் கழற்றி ராத்திரி வினிகரில் ஊற வையுங்க.

ஹீட்டர் வைக்கிறவங்க எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாம வைக்காதீங்க. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

குளியல் தண்ணியை மழைநீர் வடிகாலில் விடக் கூடாது. அது பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் போய்ச் சேரும். தெருவில் பாதாளச் சாக்கடை இருந்தா, சென்னைக் குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் விண்ணப்பிச்சு முறையா இணைப்பு வாங்குங்க. இருக்கற இணைப்பில் அடைப்பு, பொங்கல் என்றால் 1916 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறிய வாரியத்தின் அடுக்குமாடியில் இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. குழாய்க்காகத் தூணையோ பீமையோ வெட்டாதீங்க. பால்கனியைக் குளியலறையா மாத்தினா, அது தாங்கணும்னு கட்டப்படாத பாரம் அதுல ஏறும். கசிவு கீழ்வீட்டுக்குப் போகும். வாரியத்தின் பொறியாளரிடம் முதல்ல கேளுங்க.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு தாளில் உங்க வீட்டை வரைஞ்சு, சேம்பர் எங்கே, தொட்டி எங்கே, தரை எவ்வளவு உயரம்னு குறிச்சு வையுங்க. கொத்தனாரும் ப்ளம்பரும் வரும்போது அந்தத் தாளை வெச்சுப் பேசுங்க. இப்போ உங்க கேள்விகளைக் கேக்கலாம்.