மதப்போர்க் கதைகளும் நமது எல்லைக் கிராமங்களும்

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமத் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இடைக்கால வரலாறு முழுவதும் ஓயாத மதப்போர் என்னும் கதை இன்று கைப்பேசி வழியே வீடுவீடாக வந்து சேர்கிறது. இந்து, முஸ்லிம், பிரிட்டிஷ் காலங்கள் என்று நமது வரலாற்றை 1817-இல் கூறுபோட்டவர் ஜேம்ஸ் மில். அவர் இந்தியாவில் ஒருநாளும் கால் வைக்காதவர்!

நமது மண்ணையே பார்ப்போம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் முஞ்சிறையை அடுத்த பார்த்திவபுரத்தில் விஷ்ணு கோயிலும் 95 மாணவர்க்கான சாலையும் அமைத்தான். காந்தளூர்ச் சாலையின் ஒழுங்குமுறையே அதற்கு முன்மாதிரி. அந்தக் காந்தளூரில்தான் முதலாம் இராசராசன் கலமறுத்ததாகக் கல்வெட்டுகள் கூறுகின்றன. கலம் என்பது கப்பலா, உண்கலமா என்ற வழக்கை அறிஞர்களிடமே விட்டுவிடுவோம். தாக்கியவனும் தாக்கப்பட்டவனும் வணங்கிய கடவுளர் வேறல்லர். சோழனின் கண் மேலைக் கடல் வணிகத்தின் மீதும் விழிஞம் போன்ற துறைகளின் மீதும் இருந்தது. அனுராதபுரத்தை அழித்த அதே மன்னனே நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலத்தின் வருவாயை அளித்தான். ஐரோப்பாவிலும் 1204-இல் சிலுவைப் படை சூறையாடியது கான்ஸ்டான்டிநோபிள் என்னும் கிறித்தவ நகரத்தைத்தான்.

மதத்தின் பெயரால் வன்முறையே நிகழவில்லை என்று நான் வாதிடவில்லை. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதை உண்டு. ஆனால் 7ஆம் நூற்றாண்டில் நடந்ததாகச் சொல்லப்படும் அதனை விரித்துரைப்பது 12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணம். வென்றவர்களின் பெருமிதமே அதில் ஒலிக்கிறது. சமண நூல்கள் மௌனமாக உள்ளன.

மார்த்தாண்டத்திற்கு அருகே சிதறால் மலையில் ஏறிப் பாருங்கள். பாறை முழுவதும் தீர்த்தங்கரர் சிற்பங்கள். குணந்தாங்கிக் குரத்தி என்னும் பெண் துறவி அங்குள்ள தேவிக்குப் பொன் அணிகள் அளித்ததை ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து வட்டெழுத்து கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டை ஒட்டி அது பகவதி கோயிலாயிற்று. சிற்பங்களை எவரும் உடைத்தெறியவில்லை. நாகர்கோவில் நாகராஜா கோயிலிலோ 16ஆம் நூற்றாண்டிலும் சமணப் பண்டிதர்க்கு நிலம் வழங்கப்பட்டது.

ஆயிரமாண்டு மதப்போரில் "நம்மவர்" ஒன்றாக நின்றனர் என்போரிடம் கேளுங்கள்: 1888-இல் இதே நெய்யாற்றின்கரை வட்டத்து அருவிப்புறத்தில் ஸ்ரீநாராயண குரு தாமே சிவலிங்கத்தை நிறுவ நேர்ந்தது ஏன்? 1936 பிரகடனம் வரை திருவிதாங்கூர் அரசுக் கோயில்களின் வாயில் உழைக்கும் சாதிகளுக்கு அடைக்கப்பட்டிருந்ததே, அதை அடைத்தவர் யார்?

1982-இல் மண்டைக்காட்டுக் கலவரத்தில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானவர்கள் கடற்கரையின் ஏழை மீனவர்கள். வதந்தி பரவிய பின்னர் விளக்கம் சொல்லப் போவது பயனற்றது. ஆகவே, ஒவ்வொரு கிளையும் மலையாளமும் தமிழும் பேசும் இளைஞர்களை ஒன்றாகச் சேர்த்துச் சிதறாலுக்கும் பார்த்திவபுரத்திற்கும் அழைத்துச் செல்ல வேண்டும். கோடைக்கு முன்பே புறப்படுங்கள். வெயிலில் பாறை கொதிக்கும்.