நலம் நாடி நுவரெலியாவுக்கு

சாக்கடலின் கரிய சேற்றை உடலெங்கும் பூசிக்கொண்டு நோய் தீர விழையும் பயணிகளை உலகம் நெடுங்காலமாக அறியும். இலங்கையின் மலைநாட்டில் அத்தகைய உப்பேரியும் இல்லை. மருந்துச் சேறும் இல்லை. எனினும், 6,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் நுவரெலியாவை நாடி நோயாளர் பலர் ஒரு காலத்தில் வந்தனர். அவர்கள் தேடிய மருந்து அங்கு வீசும் குளிர்காற்றே. 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், படைவீரர் உடல்நலம் பெறும் இடமாக அதனை அமைத்தார்.

வேட்டையில் பெருவிருப்புடைய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் காட்டுக் காய்ச்சலால் மெலிந்து அங்குச் சென்றார். இரண்டே வாரங்களில் உடல் தேறினார். அவ்விடத்தின்மீது கொண்ட பற்றினால், 1848இல் உற்றாரையும் கால்நடைகளையும் அழைத்துவந்து குடியேறினார். 1855 வரை அங்கே வாழ்ந்தார்.

இது காற்றின் அற்புதம் என்றே அக்காலத்தவர் கருதினர். மலேரியா என்னும் சொல்லுக்கே தீய காற்று என்பதுதான் பொருள். நுளம்பே அந்நோயைப் பரப்புகிறது என்னும் உண்மைக்கு 1897இல் சிக்கந்தராபாத்தில் சான்று கண்டவர் ரொனால்டு ராஸ். நுளம்பின் உடலில் நோய்க்கிருமி முதிர்வதற்கு வெப்பம் வேண்டும். மலைக்குளிரில் அது முதிர்வதில்லை. ஆகவே, மலைக்காற்று நோயைத் தீர்க்கவில்லை. புதிதாகத் தொற்றாமல் காத்தது. எஞ்சியதை ஓய்வும் நல்லுணவும் செய்தன.

அதே காலத்தில் வேறொரு கூட்டமும் மலையேறியது. தமிழகத்துச் சிற்றூர்களை விட்டுக் கோப்பித் தோட்டங்களை நோக்கி வந்த தொழிலாளர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காய்ச்சல் நிறைந்த காடுகளைக் கால்நடையாகக் கடந்து, தம்புள்ளை, மாத்தளை வழியே சென்றனர். காய்ச்சல் நீங்குவதற்காகப் பேக்கர் மலையேறினார். மலையேறும் வழியிலேயே காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையாகி மாண்டோர் எண்ணற்றோர்.

தப்பிப் பிழைத்து மேலே சென்றவர்க்கேனும் அக்குளிர் மருந்தாயிற்றா? கோப்பி அழிந்து தேயிலை வந்த பின்னரும், நெருக்கமான லயக் காம்பராக்களில் புகையும் ஈரமுமே அவர்களைச் சூழ்ந்திருந்தன. கம்பளியைப் போர்த்திக்கொண்டு மழையிலே கொழுந்து பறித்தவர்களுக்கு அதே காற்று மார்ச்சளியாகவும் இருமலாகவும் வந்தது.

இலங்கை மலேரியா அற்ற நாடு என உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. காடு கடந்து வந்தோரை வாட்டிய காய்ச்சல் அகன்றுவிட்டது. ஆனால், லயங்கள் இன்னும் அகலவில்லை. நுவரெலியாவின் கிரகரி ஏரிக்கரையில் உலாவிக் குளிர்காற்றை நுகர்ந்து மகிழும் பயணிகள் அருகிலுள்ள தோட்டங்களையும் சற்றே நோக்குதல் வேண்டும். உலர்ந்த இல்லமும், வயிறார உணவும், உரிய வேளையில் ஓய்வும் வாய்த்தவர்க்கே மலைக்காற்று மருந்தாகும். அவை அனைத்தும் உழைப்போர்க்கும் கிடைக்கும் நாளிலேதான் நுவரெலியா முழுமையான நலவாழ்விடம் என்னும் பெயரைப் பெறும்.