முகாம் எந்தத் தெருவில்?

(கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'பல்கலைக்கழகமும் குடிமைச் சமூகமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது நாட்டு நலப்பணித் திட்ட முகாம்தான். 1969இல் தொடங்கிய திட்டம். ஏழு நாள் ஒரு கிராமத்தில் தங்குவோம். மரம் நடுவோம், குளக்கரையைச் சுத்தம் செய்வோம், கடைசி நாளில் கலைநிகழ்ச்சி, அப்புறம் ஒரு குரூப் போட்டோ. நான் கேலி செய்யவில்லை. வெயிலில் மண்வெட்டி பிடித்த பிள்ளைகளை யாரும் கேலி செய்ய முடியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். எங்கே தங்கினீர்கள், ஊரிலா, சேரியிலா? யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள்? முகாம் அறிக்கையில் 'கிராமம்' என்று ஒரே சொல்தான் இருக்கும். அந்தச் சொல்லுக்குள் இரண்டு சுடுகாடு இருப்பது அறிக்கையில் வராது.

பல்கலைக்கழகத்தில் அறிவு இருக்கிறது, சமூகம் வெளியே காத்திருக்கிறது, நாம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். இந்த நினைப்பே தவறு. சமூகம் உங்கள் விடுதி மெஸ்ஸில், பக்கத்துத் தட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர் அண்ணல் அம்பேத்கர்.

அவர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மும்பையில் சித்தார்த்தா கல்லூரி. 1950இல் மராத்வாடாவின் ஔரங்காபாத்தில் இன்னொரு கல்லூரி. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை நிஜாம் ஆட்சியில் இருந்த, கல்லூரிக்கே பஞ்சமான பகுதி அது. அந்தக் கல்லூரிக்குப் பெயர் மிலிந்த். நாகசேனர் என்ற பிக்குவிடம் கேள்விமேல் கேள்வி கேட்ட கிரேக்க அரசன் மிலிந்தன். கேள்வி கேட்டவன் பெயர் கல்லூரிக்கு, பதில் சொன்னவர் பெயர் வளாகத்துக்கு: நாகசேனவனம்.

அங்கே ஆசிரியராக இருந்த கங்காதர் பான்தாவணே நடத்திய 'அஸ்மிதாதர்ஷ்' இதழ்தான் மராத்தி தலித் இலக்கியத்துக்குப் பெரிய மேடையானது. மும்பையில் 1972இல் தலித் பேந்தர்ஸ் உருவானபோது, வடாலாவின் சித்தார்த் விகார் மாணவர் விடுதி அவர்கள் கூடிப் பேசும் இடமாக இருந்தது. இவர்களை யாரும் 'கிராமத்துக்குப் போய்த் தொண்டு செய்யுங்கள்' என்று அனுப்பவில்லை. கிராமத்திலிருந்தும் குடிசைப்பகுதியிலிருந்தும் வந்தவர்கள், தங்கள் தெருவின் கேள்வியை விடுதி அறையில் வைத்துப் பேசினார்கள். குடிமைச் சமூகம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1958இல் ஔரங்காபாத்தில் மராத்வாடா பல்கலைக்கழகம் வந்தது. அதற்கு அம்பேத்கர் பெயரைச் சூட்ட வேண்டும் என்று கோரிக்கை எழுந்தது. 1978 ஜூலை 27 அன்று மகாராஷ்டிர சட்டமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றின. உடனே வன்முறை. நகரத்தில் தொடங்கியது கிராமங்களுக்குப் பரவியது. கொலை நடந்தது, பெண்கள் தாக்கப்பட்டார்கள், பல்கலைக்கழக வாசலையே பார்த்திராத கூலித் தொழிலாளிகளின் குடிசைகள் எரிந்தன.

எங்கோ இருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயர்ப்பலகைக்காக ஒரு சேரி ஏன் எரிய வேண்டும்? எரித்தவனுக்குக் கணக்குத் தெரியும் என்பதுதான் என் பதில். படித்தவன் வீட்டில் செத்த மாட்டைத் தூக்க மறுப்பார்கள், கூலியைப் பேரம் பேசுவார்கள், புறம்போக்கு நிலத்தில் உழுவார்கள். பல்கலைக்கழகத்துக்கும் சமூகத்துக்கும் என்ன உறவு என்பதை நம் பேராசிரியர்களைவிட அவன் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தான்.

பெயர் மாற்றத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களில் மாணவர்களும் இருந்தார்கள், தோழர்களே. படித்தால் சாதி போய்விடும் என்று இன்னமும் நம்புகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதினாறு ஆண்டுகள் நீண்ட பயணம், மறியல், சிறை என்று போராடிய பிறகு, 1994 ஜனவரி 14 அன்று பெயர் வந்தது. அதுவும் மாற்றமல்ல, 'விரிவாக்கம்': டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா பல்கலைக்கழகம். அதே ஆண்டு நாந்தேடில் தனிப் பல்கலைக்கழகம் பிரித்துத் தரப்பட்டது.

நம் ஊருக்கு வருவோம். 2015 மே மாதம், சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை நிர்வாகம் விலக்கியது. தொடக்கம் ஒரு மொட்டைக் கடிதம். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகு ஜூனில் திரும்பக் கொடுத்தார்கள். தெருவைக் கூட்டினால் சமூக சேவை. அந்தத் தெருவுக்கு ஏன் தனிக் குழாய் என்று கேட்டால் அரசியல். உங்கள் கல்லூரியிலும் இதே அகராதிதான் என்று நினைக்கிறேன். (சிரிப்பு)

அடுத்த முகாமுக்கு இடம் பார்க்கும்போது, சேரிப் பக்கத்துப் பள்ளியில் தங்குவோம் என்று கேளுங்கள். 'ஊர்ப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்' என்று சொன்னால், அதையே அறிக்கையின் முதல் வரியாக எழுதுங்கள். அந்தத் தெருவிலிருந்து வந்து உங்கள் கல்லூரியில் படிக்கும் தோழர் இருந்தால், வீடுவீடாகக் கேட்கப்போகும் கேள்வித்தாளை அவர் தயாரிக்கட்டும்.