குதிரைக்கு எழுந்த மாளிகை



பழைய மாளிகைகளைக் காணச் செல்வோர் முன்வாயிலால் நுழைந்து, பெருமண்டபத்தைக் கண்டு வியந்து, வந்த வழியே திரும்பிவிடுவர். அருகே நிற்கும் குதிரை லாயத்தைக் கூர்ந்து நோக்குவார் சிலரே. ஆயினும், ஒரு கட்டடத்தை எவ்வாறு எண்ணிக் கட்டவேண்டும் என்பதை அறிய விரும்புவோர்க்கு லாயமே நல்ல ஆசான் என்பேன்.

இங்கிலாந்தின் யோர்க்சயர்ப் பகுதியிலே வென்ற்வேர்த் வூட்ஹவுஸ் என்னும் பெருமாளிகை உளது. அதன் உடைமையாளராயிருந்த றொக்கிங்காம் பிரபு, 1765இலும் 1782இலும் பிரித்தானியப் பிரதமராகப் பதவியேற்றவர். குதிரைகளிடத்துத் தீராத காதல் கொண்டவர். 1762ஆம் ஆண்டளவில் தம் குதிரையொன்றினை ஜோர்ஜ் ஸ்ரப்ஸ் என்னும் ஓவியரைக் கொண்டு ஏறக்குறைய உயிரளவிலேயே தீட்டுவித்தார். அவ்வோவியம் இன்று இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தை அணிசெய்கின்றது. குதிரையின் உருவத்துக்கே இத்துணை மதிப்பளித்தவர், அதன் உறையுளைப் புறக்கணிப்பாரா? 1760களின் பிற்பகுதியில், ஜோன் கார் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு 84 குதிரைகளுக்கான லாயமொன்றைக் கட்டத் தொடங்கினார். குதிரையேற்றம் பழகுதற்கெனக் கூரையிட்ட மண்டபமும் அதனோடு அமைந்தது.

நடுவே முற்றம், அதனைச் சூழக் கட்டடம் என்பதே அக்காலப் பெரிய லாயங்களின் பொதுவமைப்பு. அவற்றில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு காரணம் இருந்தது. நேரே குதிரையின் முகத்தில் காற்று வீசாதிருக்கவும், வெப்பமும் துர்நாற்றமும் வெளியேறவும் சன்னல்கள் உயரத்தில் வைக்கப்பட்டன. நீர் தேங்காதிருக்கத் தரை சரிவாக்கப்பட்டது. மேல்மாடியில் வைக்கோலைச் சேமித்து, தரையிலுள்ள துவாரத்தின் வழியே கீழே தள்ளினர். வண்டிச்சாலைக்கு அகன்ற கதவுகள். சேணமும் கடிவாளமும் ஈரத்தாற் கெடாதிருக்க அவற்றுக்கெனக் கணப்பு மூட்டிய ஓர் அறை. பணியாட்களிடம் கைக்கடிகாரம் இல்லாத அக்காலத்தில், வாயிலின் மேலிருந்த மணிக்கூடே அவர்தம் நாளை அளந்தது.

ஆனால், அப்பணியாட்கள் எங்கே உறங்கினர்? பெரும்பாலும் அவ்வைக்கோலுக்கு அருகே, கூரையின்கீழ் அமைந்த சிற்றறைகளில். குதிரைக்கு வேண்டிய காற்றை நுணுகிக் கணக்கிட்ட அறிவு, அதனைப் பேணிய மனிதன்பால் அவ்வளவு நுணுக்கமாகச் செல்லவில்லை. அக்கட்டடங்களின் அழகை வியக்கும்போது இதனையும் நாம் மறத்தலாகாது.

காலம் மாறிற்று. மோட்டார் வண்டி வந்தது, லாயங்கள் வெறுமையாயின. வென்ற்வேர்த் வூட்ஹவுஸ் மாளிகையோ, இரண்டாம் உலகப் போரின் பின்னர் உடற்பயிற்சி ஆசிரியைகளைப் பயிற்றும் கல்லூரியாயிற்று. குதிரைகள் நின்ற லாயமும் அக்கல்லூரியின் பயன்பாட்டுக்கு வந்தது. 1970களின் இறுதிவரை அது நடைபெற்றது. 2017இல் ஓர் அறக்கட்டளை அம்மாளிகையை வாங்கிப் புதுப்பிக்கும் பணியில் இறங்கியது.

குதிரைக்கெனக் கட்டிய இடம் மாணவியர்க்கும் உதவிற்று எனின், அதற்குக் காரணம் யாது? காற்றும் ஒளியும் இடவசதியும் எவ்வுயிர்க்கும் பொதுவன்றோ! புழுங்கும் வகுப்பறையில், மதிய வேளையிலே, பிள்ளைகளின் கண்கள் தாமாக மூடுவதைப் பல்லாண்டுகளாகக் கண்டு வருபவன் நான். அப்போதெல்லாம் அந்த உயர்ந்த சன்னல்கள் என் நினைவுக்கு வரும். 84 குதிரைகளின் மூச்சை எண்ணிப் பார்த்த பின்னரே அங்கே சுவர் எழுந்தது. நம் பிள்ளைகளுக்கு ஒரு சுவர் எழுப்புமுன், அவர்தம் மூச்சையும் நாம் எண்ணிப் பார்ப்போமாக.