பதினான்கு வயதின் கணக்கு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் மேடையேறிப் பழகியவர் அல்லோம். தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானதால், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரெயில்வேயில் எழுத்தராய் அமர்ந்தோம். சம்பளப் பட்டியல் எழுதும் கைக்குக் கணக்குதான் வரும். இளமையில் வறுமையைப் பற்றி ஔவையார் சொன்னது இங்குள்ளோர் அனைவர்க்கும் மனப்பாடம். அதனை மீண்டும் ஒப்பிக்காமல், ஒரு பையனின் கணக்கைச் சொல்கின்றோம்.

டில்லி ஜங்புராவில் பாராபுலா கால்வாய்க் கரையில் இருந்த மதராசி முகாமை நீங்கள் அறிவீர்கள். உயர்நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1ஆம் நாள் அது இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள் இருந்த இடத்தில் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. அவ்வீடுகளும் நரேலாவில், ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால். வீடு கிடைத்தவரேனும் பிழைத்தனர் என்றே நாம் எண்ணியிருந்தோம்.

அவ்வாறு வீடு பெற்ற ஒரு தாய் நம் குடியிருப்பில் மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்குகின்றார். அவற்றுள் நம் வீடும் ஒன்று. வேலை இங்கே, பிள்ளைகளின் பள்ளியும் இங்கே. முன்பு கால்நடையாய்ச் சென்ற பையன் இப்பொழுது விடியுமுன் தாயோடும் தங்கையோடும் புறப்பட்டு, பேருந்து மாறி மாறி வருகின்றான். வீடு திரும்ப இரவு ஆகின்றது. பாடம் படிப்பது பேருந்தில்; உட்கார இடம் கிடைத்தால் தூங்கிவிடுகின்றான். இடம் கிடைக்காத நாளில்தான் படிப்பு நடக்கின்றதாம்! சிரித்துக்கொண்டே சொன்னான்.

டில்லி நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் 2019-இல் நீக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் அந்தப் பையன் நம்மிடம், “அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் டிக்கெட் இல்லை, சார். நான் ஒருத்தன்தான் செலவு” என்றான். மாணவர் சலுகைச் சீட்டு உண்டே என்பீர்கள். உண்டு. அதற்குப் படிவமும் பள்ளி முத்திரையும் வேண்டும். அவற்றுக்காக அலைய ஒரு நாள் வேண்டும். தாய்க்கு அது ஒரு நாள் கூலி. எழுத்தராகிய நமக்கு அப்படிவத்தை நிரப்பக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நான்கு மாதம் கழித்துத்தான் கேட்டோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவன் வயது பதினான்கு, ஒன்பதாம் வகுப்பு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரைதான் காக்கின்றது. டில்லிப் பள்ளிகளில் மதிய உணவும் எட்டாம் வகுப்போடு நிற்கின்றது. அதே வேளையில், 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு நிறைந்தவரை அபாயத் தொழில்களிலிருந்து மட்டுமே தடுக்கின்றது. பசி மிகும் வயதில் சோறு நிற்கின்றது; கடை வாசலோ திறக்கின்றது. தேநீர்க் கடையில் ஒரு கிளாசு கழுவுபவன் வேண்டும் என்று அவனிடம் ஒருவர் முன்னமே கேட்டுவிட்டாராம்.

இனி நம் சங்கத்தின் கணக்குக்கு வருவோம். சென்ற ஆண்டு விழாவில் நாடகத்துக்கு அவனைத் தேர்ந்தெடுத்தோம். நல்ல குரல். உடைக்கு முந்நூறு ரூபாய் என்று அறிவித்தபின், “பரீட்சை இருக்கு, சார்” என்று நின்றுகொண்டான். பரீட்சை முடிந்து ஒரு வாரமாகியிருந்தது. அவனோடு இன்னும் நான்கு பிள்ளைகள். ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு ஊரில் திருமணம். அனைவருக்கும் தக்க காரணம் இருந்தது. நாமும் ஐயமின்றி ஏற்றுக்கொண்டோம். முந்நூறு ரூபாய் இல்லை என்று சொல்லக் கூசும் பிள்ளை பொய் சொல்லக் கற்கின்றான். அந்தப் பாடத்தை நடத்தியவர் நாமே.

வேண்டுவோர் வந்து கேட்கலாம் என்று அறிவித்தால் ஒருவரும் வரமாட்டார். ஆகவே, இனி மேடையேறும் எல்லாப் பிள்ளைகளுக்கும், அதிகாரி வீட்டுப் பிள்ளை உட்பட, உடையைச் சங்கமே தரவேண்டும் என்று செயற்குழுவில் எழுதிக் கொடுத்துள்ளோம். பொருளாளர் முகம் சுளிக்கின்றார். அவர் கவலையும் நியாயமானதே. இவ்வாண்டு விருந்தில் ஒரு இனிப்பைக் குறைத்தால் போதும் என்பது நம் கணக்கு.

இன்று அவனைக் காணோம். கடைசிப் பேருந்து தவறிவிடும் என்று தாயாரிடம் சொல்லியனுப்பியுள்ளான். இது மெய்யாகவும் இருக்கலாம்.